புகைக்குழாயில் விரல் நீளக் கீறல்

காபிக்கு எனக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும், ஐயா. நேற்று உங்கள் ஆட்கள் ஒன்றுதான் போட்டிருந்தார்கள். அது கிடக்கட்டும், கேட்டதைச் சொல்கிறேன்.

டொலுக்காவில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். மசேதோனியோ டாக்ஸி ஓட்டியவர். அவர் மகன் ஆபேலுக்கு ஞானத்தகப்பன் நான். அந்த உறவில் நானும் மசேதோனியோவும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. கொம்பாத்ரே பட்டறை வைத்திருக்க, வண்டியை வேறொருவனிடம் விடுவது எங்கள் ஊரில் கொம்பாத்ரேயின் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

நவம்பரில் அவர் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பெட்ரோலைக் கண்டபடி குடித்தது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரில் மீட்டரை வைத்தேன். முள் அடியிலேயே கிடந்தது. சென்சார் போய்விட்டது என்று டாக்ஸி ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேர் கேட்கச் சொன்னேன். புதிது மாட்டினேன். முள் அப்போதும் எழவில்லை.

"என்ன கொம்பாத்ரே, மாட்ட மாத்தியும் பால் வரலையே? கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க, வயசாகுதுல்ல" என்றார் மசேதோனியோ. நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர்கள் சாப்பிடப் போனபின் அடியில் படுத்துப் பார்த்தேன். சென்சாருக்கு முன்னால் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதன் வழியே வெளிக்காற்று நுழைகிறது. காற்று அதிகம் என்று சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, எஞ்சின் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. அதே கீறலில் கசியும் நச்சுப்புகை ஹீட்டர் வழியாக வண்டிக்குள் போகும். அரைமணி நேர வெல்டிங் வேலை. ஆனால் வெல்டிங் வைத்தால், பழைய சென்சார் நன்றாகத்தான் இருந்தது என்று அந்த நாலு பேரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்கின் பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சரியாகிவிட்டது என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மசேதோனியோ தனியாக வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"வண்டில ஏறினாலே தலை வெடிக்குது, கொம்பாத்ரே. வாந்தி வருது. அன்னிக்கு வாய்க்கொழுப்புல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இன்னொரு தடவை பாருங்களேன்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க குடிய நிறுத்துங்க."

நம்பினார். மூன்றாம் நாள், சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டி நகரவில்லை. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார்.

துக்கவீட்டில் அவர் மனைவி ரெஃபூகியோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாமே, குடிக்காதேன்னு. கேட்டாரா மனுஷன்?" அவளைத் தேற்றினேன். இனி ஆபேல்தான் டாக்ஸியை ஓட்டப்போகிறான், ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றாள். அப்போது வெல்டிங் வைத்திருந்தால் எதற்கு என்று ஊரே கேட்டிருக்கும். வண்டியைக் கழுவி மட்டும் கொடுத்தேன்.

நானும் மனுஷன்தான், ஐயா, மனசு கேட்கவில்லை. ஆபேலுக்கு இருபத்திரண்டு வயது. என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "ஜன்னலத் திறந்து வச்சே ஓட்டுப்பா" என்றேன்.

"டிசம்பர் குளிர்லயா, ஞானப்பா? ஒருத்தன் ஏறமாட்டான்" என்று சிரித்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கையசைத்தான். நாலு நாள்தான் ஓட்டினான்.

நான் சொல்லத்தான் சொன்னேன். அவன்தான் கேட்கவில்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.