தயிர்ச்சோத்துப் பூனை

— ஏம்புள்ள கமலா, வள்ளியோட வட்டல்ல நீ வெச்ச சோறு அப்பிடியே காஞ்சு கெடக்குது, பாத்தியா?

— பாத்தனுங்க. அவளுக்குப் பசியில்லயாட்ட இருக்குது.

— பூனைக்குப் பசியில்லீன்னா வேற எங்கியோ தின்னுட்டு வந்திருக்குதுன்னு அர்த்தம். இருவத்தேழு நாளா வட்டல நக்கியே தேச்சவ, ரெண்டு நாளா தயிர்ச்சோத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. என்ன சங்கதி?

— சங்கதி என்னங்க இருக்குது. வெயில் காலம், தயிரு புளிச்சிருக்கும். நாளைக்குப் பால் ஊத்திப் பெசஞ்சு வெக்கறனுங்க.

— எங்க இப்ப அவ?

— அட்டாலி மேல சுருண்டு கெடக்கறா. கூப்புட்டா எறங்க மாட்டேங்கறா.

— தப்புப் பண்ணுனவதான் எறங்க மாட்டா. இங்க பாரு, நான் தறிக்குழிக்குள்ள உக்காந்துக்கிட்டு ஓடற நாடாவை மட்டும்தான் பாக்கறேன்னு நெனச்சுக்காத. பூசாரி நம்மளுக்கு என்ன சொன்னாரு, சொல்லு பாக்கலாம்.

— இப்ப எதுக்குங்க அது?

— சொல்லு புள்ள. உன்ற வாயால கேட்டாத்தான் எனக்கு ஆறுதல்.

— நாப்பத்தெட்டு நாளைக்கு இந்த ஊட்டுக்குள்ள ஒரு உசுரும் போகப்படாதுன்னாருங்க. கறி, மீனு, முட்டை எதும் வாசப்படி தாண்டப்படாது. நம்ம கையால எதும் சாகப்படாது. நாம சோறு போட்டு வளக்கற சீவன் வாயாலயும் சாகப்படாது. அப்பிடி இருந்தா வயித்துல இருக்கறது தங்கும்னாரு.

— அதேதான். மூணு புள்ளைங்கள மண்ணுக்குக் குடுத்துட்டோம். இது நாலாவது. அஞ்சு மாசம் தாண்டி நிக்கறது இதுதான் மொதத் தடவ. அதனாலதான் கேக்கறேன். வள்ளி எதையாச்சும் புடிச்சாளா?

— இல்லீங்க.

— என்ற மொகத்தப் பாத்துச் சொல்லு.

— உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே ராட்டைல தார் சுத்துனா நூலு சிக்கிக்கும். இல்லீங்கன்னு சொன்னா இல்லதானுங்க.

— கோவத்தப் பாரு. பூசாரி சொன்ன அன்னிக்கே பூனைய எங்கயாச்சும் கொண்டுபோய் உட்டுட்டு வந்தர்றேன்னேன். நீதான் அழுதே. அவளுக்கும் சேத்து நானே விரதம் காக்கறேன், பருப்புஞ்சோறும் தயிர்ச்சோறும் போட்டுப் பழக்கிடறேன்னு சொன்னே.

— பழக்கலீங்களா நானு? மொத எட்டு நாளு கத்துன கத்து உங்களுக்கு மறந்துபோச்சு. பருப்புல நெய் உட்டு வெரல்ல எடுத்து நாக்குல தடவித் தடவித்தான் திங்க வெச்சேன். என்ற கையப் பெராண்டுன தடம்கூட இன்னும் போகல.

— மறக்கல, மறக்கல. தெருவே சிரிச்சுது. மருதாசலம் ஊட்டுப் பூனைக்கு வெள்ளிக்கெழமையானா பாயசமாம்னு பாவு ஓடற எடத்துல எல்லாம் இதே பேச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள பெருமதான். சைவப் பூனை வேற எவன் ஊட்ல இருக்குது?

— அவ எளச்சுப் போனது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா? முதுகெலும்பு தொட்டாத் தட்டுப்படுது. மயிரெல்லாம் மங்கிப் போச்சு. அது பொறந்த பொறப்பு அப்பிடிங்க. விரதம்னா அதுக்கென்ன தெரியும்?

— இன்னும் பதினோரு நாளு. அது முடிஞ்சா நானே மீன் வாங்கிப் போடறேன். அதுக்குள்ள ஒரு எலிய அவ கடிச்சான்னு தெரிஞ்சுதோ, சாக்குல கட்டி அயோத்தியாப்பட்டணம் தாண்டி உட்டுட்டு வந்துருவேன். பொறவு நீ அழுது புண்ணியமில்ல. கொஞ்சம் தண்ணி குடு.

— இப்பத்தான ஒரு சொம்பு குடிச்சீங்க. இது நாலாவது சொம்பு.

— ஒருவேளைச் சாப்பாட்டுல நாக்கு வறண்டு போகுது, குடு.

— இந்தாங்க. ஏனுங்க, இந்த வெயில்ல எதுக்குத் துப்பட்டியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மத்தியானத்துல இருந்து தறிச் சத்தமும் காணமே.

— இழை நாலஞ்சு அறுந்துபோச்சு, முடிஞ்சுக்கிட்டிருக்கறேன். குழிக்குள்ள சில்லுன்னு இருக்குது, அதுக்குத்தான் துப்பட்டி. இதுல தெள்ளுப்பூச்சி வேற. கெண்டைக்கால் பூராத் தடிச்சுக் கெடக்குது பாரு. நீ போட்டு வெச்ச வேப்பந்தழைக்கும் அடங்கல.

— அடிச்சுப் போட வேண்டியதுதானுங்களே.

— எப்பிடி அடிக்கறது? தெள்ளும் உசுருதான? பத்து நாளா ஊதி ஊதித்தான் உடறேன். உன்ற பூனையே விரதம் இருக்கறப்ப நான் தெள்ள நசுக்கலாமா?

— உங்களுக்கு எதுல வெளையாட்டுன்னு இல்ல.

— வெளையாட்டு இல்ல புள்ள. அந்தப் புள்ள மொகத்தப் பாக்கோணும்னா தெள்ளுக்கடி பெருசா? ம், சொல்ல மறந்துட்டேன். காத்தால நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப அஸ்தம்பட்டில இருந்து சீக்குச் சோதிக்கற பிளேக்குக்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க.

— நம்மூட்டுக்குங்களா? எதுக்குங்க?

— நம்மூட்டுக்குன்னு இல்ல, தெரு பூராக் கேட்டுக்கிட்டு வந்தாங்க. ஊட்ல எலி ஏதாச்சும் செத்து உழுந்துச்சான்னு கேட்டாங்க. நம்மூட்ல சைவப் பூனைங்க, எலிக்குச் சாகறதுக்கே வழியில்லீங்கன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டுப் போயிட்டாங்க.

— எலி உழுந்திருந்தா என்ன பண்ணுவாங்களாம்?

— ஊட்டப் பூட்டி, ஓட்டப் பிரிச்சு உட்டு, ஆளுங்கள கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கொட்டாய் போட்டிருக்கறாங்களே, அங்க கூட்டிப் போயிருவாங்க. அப்பறம் எங்க விரதம் முடிக்கறது? பூசாரி இதே ஊட்லதான் முடிக்கோணும்னு சொல்லியிருக்கறாரு. நல்லவேளை, நமக்கு அந்த வம்பு இல்ல.

— ஏனுங்க.

— ம்.

— எலின்னா சாவறதுதானுங்களே. பூனை கடிச்சும் சாவும். அவங்களுக்கு எப்பிடித் தெரியும், இது பூனை கடிச்சது, இது சீக்குல செத்ததுன்னு?

— அதையும் நான் கேட்டு வெச்சிருக்கறேன். பூனை கடிச்சா கழுத்துல பல்லுத் தடம் இருக்குமாம். சீக்குல உழுந்த எலிக்கு ஒடம்புல ஒரு கீறல் இருக்காதாம். பட்டப்பகல்ல வளைய உட்டு வெளிய வந்து, ஆளு நிக்கறதுகூடத் தெரியாமத் தள்ளாடிக்கிட்டு, தண்ணி இருக்கற எடமாப் பாத்துப் போய் உழுகுமாம்.

— தண்ணி இருக்கற எடமாவா?

— ஆமா. நாவறட்சி தாங்காதாம். ஏம்புள்ள, ராட்டைய நிறுத்திட்டே?

— ஒண்ணுமில்லீங்க. ரத்தம் இருக்காதுங்களா?

— மூக்குல ஒரு சொட்டு இருக்குமாம், அவ்வளவுதான். உசுரு போயி ஒடம்பு ஆறுனதும் அதும்மேல இருந்த தெள்ளு அத்தனையும் எறங்கி அடுத்த ஒடம்பத் தேடிப் போகுமாம். அதுக கடிச்சுத்தான் மனுசனுக்குச் சீக்கு வருதுன்னாங்க.

— நீங்க மொதல்ல குழிய உட்டு மேல வாங்க.

— இழை முடிஞ்சுட்டு வாரேன். இன்னேரத்துக்கு மேல வந்து என்ன பண்ணப் போறேன்?

— சொன்னாக் கேளுங்க. மேல வாங்க.

— ஏன் இப்பிடிப் பதறறே? வயித்த வலிக்குதா? கமலா, வயித்துலயா?

— வயித்துல ஒண்ணுமில்லீங்க. ஏழுங்க.

— என்ன ஏழு?

— ஏழு எலிங்க. போன சஷ்டில இருந்து நேத்து வரைக்கும் ஏழு.

— இல்லீங்க, இல்லீங்கன்னு இத்தன நேரம் என்ற மொகத்துக்கு நேரா பொய் சொன்னியா? ஏழு உசுரா? சோத்தப் போட்டு, பால ஊத்தி, பாயசத்தப் போட்டு, கடைசில ஏழு உசுரையும் கடிச்சுப் போட்டுட்டாளா அந்தப் பாவி? நம்ம புள்ளைக்கு என்னடி பதில் சொல்லுவே? எங்க அந்தச் சாக்கு?

— வள்ளி கடிக்கலீங்க.

— இன்னுமா அவளுக்குப் பரிஞ்சு பேசறே?

— சத்தியமா கடிக்கலீங்க. அவ கடிச்சான்னுதான் நானும் நெனச்சேன். நெனச்சுத்தான் மறைச்சேன். ஒவ்வொண்ணும் அவளோட தண்ணிக் கலயத்துக்கிட்டத்தான் கெடந்துச்சு. அவ தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. தின்னது கெடையாது. நாம சொன்னதக் கேட்டுக்கிட்டு, கடிச்சாலும் திங்காம உட்டுட்டாளேன்னு நான் அவளக் கட்டிப் புடிச்சுக் கொஞ்சுனேன். ஒரு எலி மேலயாச்சும் பல்லுத் தடம் இருந்துச்சான்னு நான் பாக்கலீங்க. இப்ப நெனச்சுப் பாக்கறேன். ஒண்ணு மேலயும் இல்ல.

— ஒண்ணு மேலயும் இல்லியா?

— இல்லீங்க. மூணாவது எலி நான் பாக்கப் பாக்கத்தான் தள்ளாடி வந்து உழுந்துச்சு. வள்ளி தொரத்திக் களச்சுப் போச்சுன்னு நெனச்சேன். அவ அப்ப அடுப்புகிட்டத் தூங்கிக்கிட்டிருந்தா. ரெண்டு நாளா அவ சோறு தொடாததும் இந்தச் சீக்குலதானோ என்னமோ.

— கையால தொட்டியா நீ?

— முறத்துல தள்ளித்தானுங்க எடுத்தேன். தொடலீங்க.

— சாமி புண்ணியம். தள்ளி எங்க போட்டே? தெருவுலயா?

— தெருவுல போட்டா ஊரு பாக்குங்களே. கொல்லைல பொதைச்சா நாயி தோண்டிக்கிட்டு வந்து வாசல்ல போட்டுரும். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு நெனப்பு. வள்ளியச் சாக்குல கட்டிருவீங்கன்னு பயம். விரதம் கெட்டுப்போச்சுன்னு நீங்க நொந்து உக்காந்துருவீங்கன்னு பயம்.

— எங்க போட்டேன்னு கேட்டேன்.

— காத்தால நீங்க கெணத்துக்குக் குளிக்கப் போற நேரமாப் பாத்து.

— கமலா.

— தறிக்குழிக்குள்ளதானுங்க. மிதிக்கட்டைக்குப் பின்னால மண்ணத் தோண்டிப் பொதைச்சேன். அங்கதான் யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்கன்னு. நாத்தம் வராம இருக்கத்தானுங்க வேப்பந்தழையும் சாம்பலும் போட்டேன்.

— என்ற காலுக்குக் கீழயா?

— நீங்க ஊதி ஊதி உட்ட தெள்ளெல்லாம் அதுல இருந்து வந்ததுங்க. நான்தான் கொண்டு வந்து உங்க காலுகிட்ட வெச்சிருக்கறேன். அடிக்கறதுன்னாலும் மேல வந்து அடிங்க. அந்தக் குழிக்குள்ள மட்டும் இன்னும் ஒரு நிமிசம் இருக்காதீங்க.

— உன்ன எதுக்குப் புள்ள அடிக்கறேன்.

— அப்ப ஏறி வாங்க. முடியலீங்களா? இந்தாங்க, என்ற கையப் புடிச்சுக்கங்க.

— வேண்டாம், கிட்ட வராத. அங்கத்தியே நில்லு. வயித்துப் புள்ளையோட இந்தப் பக்கம் ஒரு அடி வெக்காத. இப்பிடியே பொறப்பட்டு உங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிரு.

— எதுக்குங்க நான் போறது? மேல வாங்க, ரெண்டு பேரும் அந்தக் கொட்டாய்க்கே போயிரலாம். விரதம் போனாப் போகுது. அந்தப் பிளேக்குக்காரங்களக் கூப்புட்டு, எலி உழுந்துச்சு, நாங்கதான் மறைச்சுட்டோம்னு சொல்லிரலாம்.

— எலிய நீதான் மறைச்சே புள்ள. நான் மறைச்சது வேற. நேத்துப் பொழுதோட எனக்குத் தொடையிடுக்குல நெறி கட்டிருச்சு. காத்தால அவங்க, யாருக்காச்சும் காய்ச்சலு, நெறிக்கட்டு இருக்குதான்னு கேட்டப்ப, உன்ற விரதம் கெட்டுப் போயிருமேன்னு, எல்லாரும் சொகமா இருக்கறோமுங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்.