அப்பா மீட்டிங்குக்கு வந்துடுவாரு

கெலாங் பாத்தாவில் சிங்கப்பூர் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுலேருந்து ஆபீஸ் வேலை செய்யுற நாளுக்கு எதுக்கு ரெண்டு ஸ்கிரீன்? ஒரே பெரிய ஸ்கிரீனா வாங்கு லா."

"வாங்கினா அப்பா மீட்டிங்குக்கு வந்துடுவாரு, அக்கா."

"கூலாய்ல தனியா இருக்காரே, அவரா?"

"அவர்தான். அங்க ஹால்ல கேமரா வச்சிருக்கேன். ஒரு ஸ்கிரீன்ல ஆபீஸ் வேலை, இன்னொண்ணுல அவரு. போன வாரம் தம்பியோட பெரிய ஸ்கிரீன்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வேலை செஞ்சேன். மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணேன். கைலியோட அவரு நாற்காலியில தூங்குறத பாஸ் வரைக்கும் பாத்துட்டாங்க."

"அலமாக்! அவருக்கு நீ தெரிவியா?"

"தெரியமாட்டேன். ஆனா மத்தியானம் படுக்கப் போறப்ப கேமராவப் பாத்துக் கையாட்டிட்டுத்தான் போவாரு."

"நீ என்ன செய்வே?"

"நானும் ஸ்கிரீனப் பாத்துக் கையாட்டுவேன்."