ஜெயிலுக்கு யார் போவது

நாமக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கைக்குழந்தை அவன் தோளில் தூங்கியது.

“ஏனுங்க, ஜெயிலுக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுங்களா?”

சந்தைக்கு யார் போவது என்பதைப் போலக் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஆரும் போக வேண்டாம் புள்ள. நாளைக்கு மறியல்ல புடிச்சாலும் எப்பவும் போல மண்டபத்துல வெச்சு, சோத்தப் போட்டு, பொழுதோட உட்ருவாங்க.”

“இந்தவாட்டி கேஸ் போட்டு உள்ள தள்ளுவோம்னு இன்ஸ்பெக்டரே சொல்லிப்போட்டாருங்க.”

“அப்ப நான் போறேன்.”

“உங்க லாரி வேலை போனா சோத்துக்கு என்ன பண்றது? பூமி எங்கப்பன் எனக்குக் குடுத்தது. ரோடு அதுக்குள்ளதான போவுது? நானே போறேன்.”

சொந்த நிலத்தைக் கேட்டால் ஜெயில். வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

“பால்குடி மறக்காத புள்ளைய உட்டுப்போட்டா? கூடவே தூக்கிக்கிட்டுப் போ. ஜெயில்ல உடுவாங்களாம்.”

“எம்புள்ள ஜெயில்லயா நடக்கப் பழகோணும்?”

“அப்பப் பாலுக்கு என்ன பண்ணுவ?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மறக்கட்டும்னு காத்தால இருந்து மார்ல வேப்பெண்ணெ தடவிட்டுத்தான் குடுக்கறேன். வாய வெச்சதும் துப்பிப்போட்டு என்னைய அடிக்குதுங்க.”