விழட்டும் என்றுதான் தள்ளினேன்

மேலே எழுதியிருக்கும் பெயரும் கதவு எண்ணும் என்னுடையவைதான். வயது நாற்பத்திரண்டு. கட்டட வேலை நடக்கும் இடங்களில் சாரத்தைச் சோதித்துப் பார்த்து, ஆள் ஏறலாம் என்று பச்சைச் சீட்டுக் கட்டுவது என் தொழில். பதினாறு வருடமாக இதே வேலை. வீட்டில் என்னைப் பூகம்பம் என்று கூப்பிடுவார்கள். காரணம் கேட்டதால் சொல்கிறேன்: நாற்காலியோ ஏணியோ கட்டிலோ, நான் ஆட்டிப் பார்க்காமல் அதில் யாரையும் ஏற விடுவதில்லை. இந்த வாக்குமூலத்தை யாரும் என்னை மிரட்டி வாங்கவில்லை. நல்ல நினைவோடும், உள்ளதைச் சொன்னால் மிகுந்த உற்சாகத்தோடும்தான் சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி எழுதிக்கொள்ளும் அதிகாரி இதற்குள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும், மேல்தளத்தில் என் கணவரின் அக்காவும் குடியிருக்கிறோம். அவரை நான் அண்ணி என்று அழைப்பேன். புகார் கொடுத்தவர் அவர்தான். மூன்று வாரத்துக்கு முன்பு அண்ணி வாசல் முழுவதும் வழவழப்பான வெள்ளை டைல்ஸ் பதித்தார். அன்றிலிருந்து அதில் ஒரு கீறல் விழக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். என் கணவர் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறார். நுணுக்கமான கை. ஆனால் இதுவரை அவர் தொழிலுக்காகத் தூக்கிய பாரமெல்லாம் உள்ளங்கையில் அடங்கும்.

அப்படிப்பட்டவர், இனிமேல் காருக்கு ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் நம் வீட்டிலேயே என்று போன வாரம் அறிவித்துவிட்டு, ஒரு ஜாக்கியும், தூக்கிய வண்டியைத் தாங்க இரண்டு இரும்பு ஸ்டாண்டும் வாங்கி வந்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வேலையை ஆரம்பித்தார். அப்போது நான் அவரிடம், "நான் ஆட்டிப் பாக்காம நீங்க வண்டிக்குக் கீழ போனீங்க, உங்கள உயிரோட விடமாட்டேன்" என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். அண்ணி இதைக் கேட்டதாகச் சொல்லியிருப்பது உண்மை. அவர் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார், முன்பாதியையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்தோம். அதன் பிறகு முன் சக்கரங்களின் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்தினார். தூக்கிய பிறகு மல்லுக்கட்டக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், கேட்டார். அதன் பிறகு ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கினார். கழற்றும் சக்கரங்களை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள், தப்பித் தவறி இறங்கினாலும் அவை தாங்கும் என்று சொல்லிவிட்டு, கையுறை எடுக்கவும் அடுப்பை அணைக்கவும் நான் உள்ளே போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். நடந்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நான் திரும்பி வந்தபோது சக்கரங்கள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. வண்டியின் முன்பக்கம் ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜாக்கியை இறக்கி வெளியே இழுத்துவிட்டிருந்தார். வண்டிக்கு அடியில் பாய் விரித்து, தலைக்கு எங்கள் சோபாவின் பச்சைத் திண்டையும் வைத்திருந்தார். ஆயில் பிடிக்க நீலப் பேசின் பக்கத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றி பாயின் ஓரத்தில் விட்டுவிட்டு, உள்ளே போக முட்டி போட்டிருந்தார்.

எழுந்திருக்கச் சொன்னேன். ஆட்டிப் பார்த்துவிட்டேன் என்றார். எத்தனை தடவை என்று கேட்டேன். அதன் பிறகு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து வந்து, நான் காட்டிய இடத்தில், எனக்குப் பின்னால், மாடிப் பால்கனிக்கு நேர் கீழே நின்றார். மேலே பால்கனியில் நின்ற அண்ணிக்கு அவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாயும் செருப்பும் நானும்தான் தெரிந்திருப்போம்.

நான் பக்கவாட்டில் நின்று, கால் இரண்டையும் தள்ளி வைத்துக்கொண்டு, முன் சக்கரம் இருந்த இடத்துக்கு மேல் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினேன். அசையவில்லை. இரண்டாவது தடவை இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. பின்னால் என் கணவர் சிரித்தார். "போதும்மா பூகம்பம், வண்டி பாவம்" என்றார். நான் எந்தச் சாரத்தையும் மூன்று தடவைக்குக் குறைவாக ஆட்டியதில்லை. "விழுந்தா இப்பவே விழட்டும்" என்று சொல்லிவிட்டு, என் பலம் முழுவதையும் கொடுத்து மூன்றாவது தடவை தள்ளினேன்.

வண்டி விழுந்தது. வலப்பக்க ஸ்டாண்டு வெண்ணெயில் வழுக்கியதைப் போல ஓடிச் சாய்ந்தது. அதை இழுத்துக்கொண்டு மற்றதும் சாய்ந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே அடியாகத் தரைக்கு வந்தது. பேசின் தகடாகிவிட்டது. தெருக்கோடி வரை சத்தம் கேட்டிருக்கும்.

அந்த நொடியில் எனக்கு வந்தது பயமில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கத்தினேன். கை தட்டினேன். நான் குதித்ததாக அண்ணி சொல்லியிருக்கிறார், குதித்ததும் உண்மை. பதினாறு வருடமாக ஆயிரக்கணக்கான சாரங்களை ஆட்டியிருக்கிறேன். கொத்தனார்கள் சிரித்திருக்கிறார்கள். மேஸ்திரி என்னை வைத்துக்கொண்டே என்னைப்போல ஆட்டிக் காட்டுவார். இத்தனை வருடத்தில் நான் ஆட்டி ஒன்றுகூட விழுந்ததில்லை. விழுந்தது இதுதான் முதல். வீண் வேலை செய்கிறோமோ என்று மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது.

அதன் பிறகுதான் குனிந்து பார்த்தேன். வண்டியின் அடிப்பகுதி பச்சைத் திண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நசுங்கிய திண்டின் உயரம் நான்கு விரல்கூட இல்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே அண்ணி தம்பி தம்பி என்று அலறியது கேட்டது. பதில் சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. என் கணவர் சுவரோடு ஒட்டியபடி நின்றார், அவருக்கும் வரவில்லை. அண்ணி கீழே ஓடி வருவதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார். தன் தம்பியை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தவர் வேறென்ன செய்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

காவல் வாகனம் வந்தபோது என் கணவர், கீழே வந்து தம்பியை உயிரோடு பார்த்த அண்ணி கொடுத்த தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் தள்ளியது என்று அதிகாரி கேட்டதும், பேச முடியாமல் என்னைக் கை காட்டினார். கை காட்டியது சரிதான். அதன் பிறகு காவலர்கள் உதவ, வண்டியை மறுபடி ஜாக்கி வைத்துத் தூக்கினோம். அப்போதுதான் ஸ்டாண்டுகளுக்கு அடியில் இருந்தவை தெரிந்தன. இரண்டும் எங்கள் சில்வர் தட்டுகள். டைல்ஸில் கீறல் விழக்கூடாது என்று, நான் உள்ளே போன ஐந்து நிமிடத்தில், ஸ்டாண்டுக்கு ஒன்றாகத் தட்டு வைத்து அதன்மேல் வண்டியை இறக்கியிருக்கிறார். பளிங்குபோன்ற தரையில் சில்வர் தட்டு, அதன்மேல் ஒரு கார். நான் குனிந்து பார்க்காதது என் தப்பு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டைப் பார்த்ததும் அண்ணி அழுதுவிட்டார். "கீறட்டும்டா, ஒடஞ்சே போகட்டும். தரையா தம்பி முக்கியம்?" என்றார். என் கணவருக்கு அப்போதுதான் குரல் வந்தது. என்னைப் பார்த்து, "ரெண்டோட நிறுத்தச் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு, தட்டில்லாமல், வெறும் தரையில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, சக்கரங்களை அடியில் படுக்க வைத்து, நான் தள்ளினேன். அடுத்து அண்ணி தள்ளினார். அதிகாரியும் தள்ளினார். என் கணவர் எண்ணினார். வண்டி அசையவில்லை. டைல்ஸில் ஸ்டாண்டுக் காலுக்கு ஒன்றாக எட்டுக் கீறல்கள் விழுந்திருக்கின்றன.

தட்டுகள் இரண்டையும் திண்டையும் ஒப்படைத்திருக்கிறேன். தட்டுகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். விசாரணை முடிந்ததும் திண்டை மட்டும் திருப்பித் தர வேண்டும்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நல்லெண்ணத்தில், "கைதவறித் தள்ளியதில் வாகனம் இறங்கியது" என்று எழுதியிருந்தார். அப்படி இருந்தால் விஷயம் இங்கேயே முடியும் என்றார். அண்ணியும் அப்படியே இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கைதவறித் தள்ளினால் முதல் தள்ளோடு நின்றிருப்பேன். அந்த வரியை அடித்துவிட்டு, "விழ வேண்டும் என்றே முழுப் பலத்தோடு தள்ளினேன்" என்று எழுதச் சொன்னேன். அவரும் எழுதினார். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும், கடைசியில் ஒரு கையெழுத்தும் என்னுடையவை. சாட்சிக் கையெழுத்து என் கணவரின் அக்காவுடையது. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, என் கணவரும் போட்டிருக்கிறார், மூன்று தடவை.