பழகிவிட்டான்

காணாமல் போன ஹீட்டர் இரண்டையும் எடுத்தது நான்தான் சார். அதற்காகக் காவலாளியைத் திட்டியிருக்க வேண்டாம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

பதினாறு வருடமாக இந்த ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பராமரிக்கிறேன். சூடான அறையில் வாரக்கணக்கில் வைத்தால் அவை என்ன செய்யும் என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முதல் இரண்டு நாள் கம்பியைக் கடித்து அமர்க்களம் பண்ணும். எலிக்கு வியர்க்காது, அதனால் எச்சிலை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். ரத்தம் வாலுக்குப் பாய்ந்து சூட்டை வெளியே விடும். தீனி குறையும். பிறகு வயிற்றைத் தரையில் ஒட்டிக் காலைப் பரப்பிப் படுத்துவிடும். அப்போது கூண்டு அட்டையில் ‘பழகிவிட்டது’ என்று எழுதுவேன்.

என் தம்பி சாலைக்குத் தார் போடுகிறவன். போன கோடையில் வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தான். கண் செருகிக் கிடந்தவனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று பிடித்த பயம் என்னை விடவே இல்லை. வருடத்துக்கு வருடம் வெயில் ஏறுகிறது. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பேன்?

எங்கள் வீட்டு மாடியில் ஒரு தகரக்கூரை அறை இருக்கிறது. சன்னலைப் பலகையால் அடைத்து ஹீட்டர்களை வைத்தேன். முதல் நாள் தம்பி சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

“என்னையும் எலியாக்கிட்டியாக்கா? வாலு மட்டும் முளைக்கட்டும், அப்புறம் இருக்கு உனக்கு.”

தினம் ஒரு மணி நேரம், பிறகு மூன்று. ஐந்தாம் நாள் போதும் என்றான். பாதியில் விட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

“அக்கா, பயமா இருக்குக்கா. தொறந்து விடுக்கா.”

கல் நெஞ்சுக்காரி இல்லை சார் நான். ஆனால் எலிகள் கம்பியைக் கடிக்குமே, அந்த மாதிரி நாட்கள்தான் அவை. தாழ்ப்பாள் போட்ட மூன்றாம் நாள் சத்தம் நின்றது. கதவிடுக்கில் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. கையையும் காலையும் பரப்பித் தரையோடு குப்புறப் படுத்திருந்தான். ஒரு அட்டை எடுத்து ‘பழகிவிட்டான்’ என்று எழுதிவிட்டு, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

வெயில் தாக்கி இறந்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவன்தானே, யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்தான் யோசித்து யோசித்துத் தப்பைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதில் தொடங்கியிருக்கக் கூடாது. சூட்டிலேயே வளரும் குட்டிகளுக்குத்தான் வால் நீளமாக வளரும். இளம் உடம்புதான் சொன்னபடி வளையும்.

ஹீட்டர்களை இன்றே கொண்டுவந்து வைக்கச் சொல்கிறீர்கள். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் சார், இப்போது அணைக்க முடியாது. தம்பி மகளுக்கு ஆறு வயது, தாயும் இல்லாத பிள்ளை, என்னை விட்டால் அவளுக்கு யார்? இன்றைக்கு இரண்டாம் நாள்தான். காலையில் நான் கிளம்பும்போதுகூடக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.