கப்பல் யாருக்குக் காத்திருக்கும்

சின்னப் படகு எனக்கு ஒத்துக்கொள்ளாது. பதினெட்டுக் கோடைகள் கப்பலில் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். திமிங்கிலம் பார்க்கப் போகிற படகில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் நான் விற்கிற கடல் சுற்றுலாக்களில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. அதை ஒரு குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பெயர் லைல் ஹாவர்சன். வயது ஐம்பத்துமூன்று. கப்பலில் கரைச் சுற்றுலா மேலாளர். கப்பல் இந்த ஹெல்மர் துறையில் எட்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் இரண்டாயிரம் பேரைக் கரையில் இறக்கி, பனியாறு பார்ப்பவர்கள், திமிங்கிலம் பார்ப்பவர்கள், சால்மன் மீன் சாப்பிடப் போகிறவர்கள் என்று பிரித்து அனுப்பி, எல்லாரையும் திரும்ப ஏற்ற வேண்டும். விசாரணை அதிகாரிகளான நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று நானேதான் சொன்னேன்.

அலாஸ்காக்காரர்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு வந்த முதல் கோடை அது. கப்பலில் சுற்றுலா விற்பவன், அதில் கப்பலுக்கு எவ்வளவு கமிஷன் போகிறது என்று வாயாலும் சொல்ல வேண்டும், தாளிலும் போட வேண்டும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். காசுக்காக இல்லை. நான் ஏதோ புளுகிப் பிழைக்கிறவன் போலவும், என்னைத் திருத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது போலவும் ஆக்கிவிட்டார்களே என்றுதான். அத்தனை வருஷம் மேடையில் நின்று பேசியிருக்கிறேன். பயணிகளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அது வேறு.

கமிஷனைத் தாளின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டேன். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் புதுப் பயணிகளுக்கு மேடையில் நான் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அந்த வரியை வேகமாகச் சொல்லி முடிப்பேன். அதன் பிறகு வருவதை மெதுவாகச் சொல்வேன். "எங்ககிட்ட சீட்டு வாங்கிப் போனா, நீங்க லேட்டா வந்தாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். துறையில இறங்கி வெளியாள்கிட்ட வாங்கினா, காத்திருக்காது." இது எல்லாக் கப்பலிலும் உள்ள வழக்கம்தான். நான் கண்டுபிடித்ததில்லை.

அந்த வாரம் இரண்டாவது வரிசையில் மார்ஜரி ஓபர்க் என்று ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மினசோட்டாவில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் கணவர் கிளென். அந்த அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துத் தாளைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"ஏன் தம்பி, நூத்தம்பது டாலர்ல எழுபது உங்களுக்கா?"

"கப்பல் நிர்வாகத்துக்கு, அம்மா. அதுலதான் கீழே போட்டிருக்கு."

"அப்ப படகு ஓட்டறவங்களுக்கு எண்பது. திமிங்கிலத்துக்கு ஏதாவது உண்டா, இல்ல அது இலவசமாத்தான் வருதா?"

எண்ணூறு பேர் சிரித்தார்கள். கிளென் அவர் கையைத் தட்டி, "விடு மார்ஜி, பாவம் அந்த ஆளு" என்றார். அந்தப் பாவம்தான் எனக்கு அதிகம் தைத்தது. ஆனாலும் நானும் சேர்ந்து சிரித்தேன். என் வேலையில் அது தெரிந்திருக்க வேண்டும்.

வெர்னா ஜேக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஊர்க்காரி, டிலிங்கிட் பழங்குடி இனத்தவள், உங்களில் பாதிப் பேருக்கு உறவாகக்கூட இருப்பாள். ஒன்பது வருஷம் அவள் படகு எங்கள் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் புகையில் வாட்டிய சால்மன் இரண்டு ஜாடி எனக்குக் கொண்டுவருவாள். சட்டத்துக்கு ஆதரவாக ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினாள். கப்பல் எடுத்துக்கொள்வது போக மிச்சத்தில் எஞ்சினுக்கும் இன்சூரன்ஸுக்கும் கட்டுப்படியாகவில்லை என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மறு மாதம் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

துறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டுப் போட்டதுக்கா என்னைத் தூக்கினே?"

"கம்பெனி முடிவு, வெர்னா."

"கம்பெனிக்கு உன் மூஞ்சிதான்டா இருக்கு, லைல்."

அதன் பிறகும் சால்மன் வந்தது. ஆனால் துறை வாசலில் ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்: 'எண்பது டாலர். எல்லாம் படகுக்கே.' எங்கள் தாளைப் படித்த பயணிகள் நேரே அவளிடம் போனார்கள். ஜூன் மாதத்தில் வாரம் நாலு பேர். ஆகஸ்டில் பன்னிரண்டு பேர், படகு நிறைய. மற்றப் படகுக்காரர்களும் அட்டை எழுத ஆரம்பித்தார்கள். என் பேச்சில் பயணிகளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. அந்தக் கோடையில் ஒருவரைக்கூடக் கப்பல் விட்டுவிட்டுப் போகவில்லை. வெர்னா எப்போதும் அரை மணி முன்னாலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவாள். யாரும் எப்போதும் விடுபடாத இடத்தில், விடுபடுவீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் விசாரிக்கிற அன்றைக்கு ஓபர்க் தம்பதியும் இன்னும் பத்துப் பேரும் அவள் படகில் போனார்கள். கப்பல் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், ஐந்து மணிக்கு ஏணி தூக்கப்படும். நான் ஏணியடியில் கையில் வயர்லெஸ்ஸோடு நின்றேன். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கேப்டன் கூப்பிட்டார். பனியாற்றுச் சாலையில் பாறை சரிந்து எங்கள் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது, நாற்பத்துநாலு பேர்.

"நம்ம ஆளுங்கதானே, லைல்? ஏழு மணிக்குக் கிளம்பலாம். அவசரப்படுத்தாதே."

"சரிங்க சார்."

இதை நான் மறுக்கவில்லை. நாலு ஐந்துக்கே எனக்குத் தெரியும், கப்பல் ஏழு வரை நிற்கும் என்று.

நாலு இருபதுக்கு வெர்னா கூப்பிட்டாள். படகுகளும் துறையும் பேசிக்கொள்ள ஒரு சேனல் உண்டு. பழைய நாளிலிருந்தே நாங்கள் இருவரும் பேசுவது அதில்தான்.

"லைல், கடல் இடுக்குல மூடுபனி இறங்கிருச்சு. படகு மூக்கே தெரியல. தீவுக்குப் பின்னால நங்கூரம் போட்டு நிக்கிறேன். கலைஞ்ச பிறகு வரேன், ஒரு மணி நேரம் ஆகும். எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க, உண்மையைச் சொல்லு."

"ஐந்தரை. ஐந்துக்கு ஏணி தூக்கிடுவோம்."

"பன்னெண்டு பேர்டா."

"வழக்கம் உனக்குத் தெரியாததா?"

பிறகு மார்ஜரி அம்மாள் வாங்கிப் பேசினார். மேடையில் கேட்ட குரலாக இல்லை அது.

"தம்பி, என் வீட்டுக்காரரோட இதய மாத்திரை எல்லாம் கேபின்ல இருக்கு. ராத்திரிக்குள்ள போடணும். கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கிளம்பற நேரம் தாள்ல போட்டிருக்கு, அம்மா. நீங்கதான் தாளை நல்லாப் படிக்கிறவங்களாச்சே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக வருந்துகிறேன் என்று அவரிடம் நீங்கள் சொல்லலாம்.

வெர்னா திரும்ப வந்து, "சரி, வரேன்" என்றாள். அவ்வளவுதான். அவளை வரச் சொன்னது நான் இல்லை. அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் எதிர்பார்த்ததும் அதுதான்: பனி கலைந்து, அவள் ஐந்தரைக்கு மேல் வந்து சேர்வாள். அவர்களை ஏணிப் பக்கம் விடாமல் நேரே விடுதிக்கு அனுப்பும்படி துறையில் சொல்லி வைத்திருந்தேன். பன்னிரண்டு பேர் ஹெல்மரில் ஓர் இரவு தங்கி, சொந்தக் காசில் விமானம் பிடித்து அடுத்த துறைக்கு வருவார்கள். ஆளைவிட்டு அவர்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேபினிலிருந்து எடுத்து, நாலு நாற்பதுக்கே துறை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டேன். விடுபட்டவர்களுக்கு அப்படித்தான் செய்வோம். கிளென் ஓபர்க்கின் மாத்திரை டப்பாவையும் மறக்காமல் வைக்கச் சொன்னேன். ஈவு இரக்கமில்லாதவன் அதைச் செய்வானா?

இடுக்கில் ஓர் இழுவைப் படகு சரக்கு மிதவையை இழுத்துக்கொண்டு போனது. இரண்டுக்கும் நடுவே கால் மைல் நீளத்துக்கு இரும்பு வடம். மூடுபனியில் ராடாரில் பார்த்தால் அவை தனித்தனியாக இரண்டு புள்ளிகளாகத் தெரியும், நடுவே வழி இருப்பது போல. பொறுமையாக வருகிறவள் அந்தப் புள்ளிகளை ஐந்து நிமிஷம் பார்த்து, இரண்டும் ஒரே வேகத்தில் போவதைக் கவனித்திருப்பாள். வெர்னா நாற்பது வருஷம் கவனித்தவள். அன்றைக்கு அவளிடம் அந்த ஐந்து நிமிஷம் இல்லை. நடுவே நுழைந்த அவள் படகை வடம் கவிழ்த்ததை இழுவைப் படகுக்காரர்கள் உணரவே இல்லை.

பத்திரிகைகளில் அவளைப் பொறுப்பற்றவள் என்று எழுதினார்கள். நான் படித்தேன். மறுத்து ஒன்றும் எழுதவில்லை, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் இரண்டு முறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆமாம், எனக்கு அவள் குரல் கேட்டது. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் என் வயர்லெஸ்ஸில் வெர்னாவின் குரல் வந்தது. அவள் சட்டையில் மாட்டியிருந்த கைக்கருவி எங்கள் சேனலிலேயே இருந்திருக்கிறது. விறைத்துப்போன விரலால் சேனல் மாற்ற முடியாது என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். அவள் அபாயம் என்று சொல்லவில்லை, காப்பாற்று என்று சொல்லவில்லை. லைல், லைல் என்று மட்டும் கூப்பிட்டாள். நேரத்தைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

குளிரில் அவளுக்குப் பல் கிட்டியிருந்தது, ஆமாம். பின்னால் தண்ணீர்ச் சத்தமும், யாரோ ஓர் ஆண் இருமுவதும் கேட்டது. பதினோரு முறை கூப்பிட்டாள். எண்ணினேனா என்றால், எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. ஊருக்குள் போய் வந்த எங்கள் பயணிகள் சிலர் அப்போது ஏணிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுவது நன்றாக இருக்காது என்று சத்தத்தைக் குறைத்தேன். பிறகு கூட்டிப் பார்த்தபோது ஒன்றும் இல்லை.

ஆறரைக்குக் கேப்டன் கேட்டார். "திரும்பி ஏறினதா அட்டை பதியாத பன்னெண்டு பேர் யாரு?"

"வெளியில வாங்கிப் போனவங்க, சார். இங்கேயே தங்கிக்கிறாங்க. பாஸ்போர்ட் ஏஜென்ட்கிட்ட இருக்கு."

பஸ் வந்தது. ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பினோம். ஏழரைக்கு மீன்பிடிப் படகு ஒன்று, கவிழ்ந்த படகின் முதுகில் நாலு பேரைப் பார்த்தது. மார்ஜரி அம்மாள் அதில் ஒருவர். கிளென், வெர்னா, இன்னும் ஏழு பேர் தண்ணீரில் இருந்தார்கள். அவர்கள் ஒரு மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார்கள் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். கப்பலின் மீட்புப் படகுக்கு அது பதினைந்து நிமிஷத் தூரம். மூன்று மீட்புப் படகுகளும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு வேறு பயணிகளுக்கு வழக்கம் போலப் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. ஹெல்மர் சுற்றுலாக்கள் அன்று மாலைக்குள் முழுவதும் விற்றுப்போயின.

கேப்டனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார், படகுகளை இறக்கியிருப்பார். நல்ல மனிதர். ஆனால் அப்புறம் கப்பல் அவர்களுக்காகவும் காத்திருந்ததாக ஆகிவிடும். கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வெளியில் வாங்கினால் கப்பல் காத்திருக்காது என்று ஞாயிற்றுக்கிழமை நான் எந்த முகத்தோடு சொல்வேன்? தெரிந்தே பயணிகளிடம் பொய் சொல்ல என்னால் முடியாது.