அணுக்கருக்கள் விலகும்போது

முதுகுவலிக்காரர் ஒருவருக்கு உட்கார நாற்காலி கொடுத்தேன். என் வாக்குமூலத்தை அங்கிருந்தே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் லேசர் அறையில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கண் கதிரின் மட்டத்துக்கு வந்துவிடும். பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான். என் கூட்டாளி ஆறடிக்கு மேல், எல்லோருக்கும் அவர் ‘நெட்டை’. பதினான்கு வருடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றே வேலை பார்த்தார். எவ்வளவு கெஞ்சியும் நான் மசியவில்லை.

வேலை என்னவென்றால், ஹைட்ரஜன் மூலக்கூறின் மேல் லேசர் துடிப்பைப் பாய்ச்சுவது. அதில் இரண்டு அணுக்கருக்கள், இரண்டு எலக்ட்ரான்கள். துடிப்பு பட்டதும் ஒரு எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு போய்விடும். மிச்சமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு கருக்கள் இரண்டும் மெல்ல விலகத் தொடங்கும். நெருங்கி இருக்கும்வரை அந்த ஒன்றைப் பறிப்பது கடினம். வெகுதூரம் விலகிவிட்டாலும் கடினம். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அங்கே மட்டும் சுலபமாக வந்துவிடும். அந்த இடைவெளியை அளப்பதில்தான் எங்கள் காலம் போனது.

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. சனிக்கிழமை மாலை மூடிய வாய், திங்கள் காலை அவரிடம்தான் திறக்கும். போன மாதம் அவர், “வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குடா. குடும்பத்தோட கிளம்புறேன். உனக்கென்ன, தனிக்கட்டை, ஜாலியா இரு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. விலகத் தொடங்கிவிட்டார், ஆனால் இன்னும் போய்ச் சேரவில்லை. என்னை முழுதாக நம்பிக்கொண்டும் இருந்தார். செய்வதென்றால் இப்போதுதான் என்று பட்டது.

அவர் கண் எந்த உயரத்துக்கு வரும் என்று அளந்து, அதற்கேற்ற நாற்காலியைக் கணினித் திரையின் முன் போட்டேன். கதிர் வெளியே வராமல் மறைக்கும் மேசை ஓரத்துத் தடுப்புத் தகட்டை எடுத்தேன். கதிர் நாற்காலிப் பக்கம் வரும்படி ஒரு ஆடியைக் கொஞ்சம் திருப்பினேன்.

“என்னடா, நாற்காலியெல்லாம் போடுற? இன்னைக்கு மழைதான் வரப்போகுது” என்றார்.

“லேசரை மூடிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு வந்து உக்காரு, திரை நல்லாத் தெரியும்.”

நான் மூடவில்லை. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாத வகை. இடது கண்ணுக்குள் ஏதோ வெடித்ததுபோல் இருந்ததாம். ஒரு கண் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன என்று கேட்க அவர் என் பக்கம் திரும்பியதில் வலதும் போயிற்று. அது நான் வேண்டும் என்று செய்ததல்ல.

இனி அவரால் படிக்க முடியாது, அந்த வேலைக்கும் போக முடியாது. வரைபடங்களை நான் படித்துச் சொல்வேன், அவர் யோசிப்பார். அவருக்கும் இது நல்ல ஏற்பாடு என்றே இப்போதும் நினைக்கிறேன். மருத்துவமனைக்குத் தாள்களோடு போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, “உங்க குரலைக் கேட்டாலே உடம்பு நடுங்குது அவருக்கு. தயவுசெஞ்சு வராதீங்க” என்றார்.

அதனால் இப்போது அவர் மனைவி சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் போகிறேன். இரண்டு கண்ணிலும் கட்டு. மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் கட்டில் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். நேற்று, “யாரு?” என்று இரண்டு தடவை கேட்டார். எங்களுக்குள் பேச்சு விட்டுப்போகவில்லை, ஐயா.